ஏ7-இல் அமர்ந்த மந்திரி

"சதுரங்கத்தில் காய்கள் இரு தரப்பிலும் சமமாக இருக்கும்போதே கிராண்ட்மாஸ்டர்கள் ஏன் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லலாம்.

1974, பிரான்சின் நீஸ் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட், அதாவது நாடுகளின் அணிகள் மோதும் போட்டி. வெள்ளை, சோவியத் யூனியனின் அனதோலி கார்ப்போவ், வயது 23. கறுப்பு, மேற்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உன்சிக்கர், தொழிலால் நீதிபதி. 44 நகர்த்தல்களில் உன்சிக்கர் விட்டுக்கொடுத்தார். அதுவரை வெட்டுப்பட்டவை தரப்புக்கு ஒரு சிப்பாய், ஒரு மந்திரி. அவ்வளவுதான்.

தொடக்கம், ரூய் லோபஸ் எனப்படும் நகர்த்தல் வரிசை. (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்துகள், குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்கள்.) 13-ஆம் நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் டி5-க்குப் போனதும் நடுப்பலகை பூட்டிக்கொண்டது. அப்புறம் ராணிப் பக்கத்தில், அதாவது ஏ முதல் டி வரையான பாதியில், ஆளுக்கொரு சிப்பாய் வெட்டுப்பட, ஏ நெடுவரிசை திறந்தது. யானைக்கு வேண்டியது இப்படி ஒரு வழிதான். ஆனால் இரு தரப்பு யானைகளும் அங்கே நேருக்கு நேர் நின்றால் வெட்டு, பதில் வெட்டு என்று எல்லாம் தீர்ந்துபோகும். இடநெருக்கடியில் இருக்கும் கறுப்புக்கு அதுவே நிம்மதி.

22-ஆம் நகர்த்தலில் கறுப்பு தன் சி சிப்பாயை முன்னே தள்ளியது. அதனால் ஈ3-இல் இருந்த வெள்ளை மந்திரிக்கு ஏ7 வரை கோணப்பாதை கிடைத்தது. 24-ஆம் நகர்த்தலில் கார்ப்போவ் அதை ஏ7-இல் கொண்டுபோய் வைத்தார். முட்டுச்சந்தின் வாயிலில் லாரியைக் குறுக்கே நிறுத்தியது போல.

எவ்வளவு அழகு பாருங்கள்! ஏ8-இல் இருக்கும் கறுப்பு யானை அந்த மந்திரியை வெட்டினால் ஏ2-இல் இருக்கும் வெள்ளை யானை திருப்பி வெட்டும். மந்திரிக்காக யானையை இழப்பது நஷ்டம். வெட்டாவிட்டால் வரிசை கறுப்புக்கு மூடியே கிடக்கும். மந்திரிக்குப் பின்னால் இருக்கும் கட்டங்களோ முழுவதும் வெள்ளைக்கு. 26-ஆம் நகர்த்தலில் இரண்டாவது யானையும் ஏ1-க்கு வந்தது. இனி மந்திரி எந்த நொடியில் விலகினாலும் இரட்டை யானைகளின் பலம் ஏ8 மீது இறங்கும். ஆகவே கறுப்பு அங்கே காவலை விட முடியாது. மந்திரி கடைசிவரை விலகவே இல்லை. விலகலாம் என்ற பயமே போதுமாக இருந்தது.

பி7-இல் நின்ற கறுப்புக் குதிரையையும் கவனியுங்கள். ஏ5, சி5 இரண்டையும் பி4-இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் காக்கிறது. டி6-இல் சொந்தச் சிப்பாய். மிச்சம் டி8 மட்டும். அது பி7-க்கும் டி8-க்கும் போய்ப் போய் வந்தது. 37 முதல் 40 வரை கறுப்பு செய்ததெல்லாம் ராஜாவை எஃப்8-க்கும் ஜி8-க்கும் மாற்றி மாற்றி வைத்ததுதான்.

நம் பிள்ளைகள் தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்கிறார்கள், கணினி காட்டும் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயிற்சியாளர்கள் கணினியை அணைத்துவிட்டு, இந்த 24-ஆம் நகர்த்தலில் பலகையை நிறுத்தி, "கறுப்பு யானை இனி எங்கே போகும்?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. காய்களை எண்ணுவதற்கும் எத்தனை காய்கள் வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே சட்டென்று பிடிபடும்.

ராணிப் பக்கம் இப்படிக் கட்டுண்டு கிடக்க, கார்ப்போவ் மறுபாதியான ராஜா பக்கம் திரும்பினார். எஃப் சிப்பாய் எஃப்5 வரை முன்னேறியது. வெள்ளைக் கட்டங்களில் மட்டும் நகரும் இரு தரப்பு மந்திரிகளும் வெட்டுப்பட்டன. ராணி ஜி6-க்குள் நுழைந்தது. 44-ஆம் நகர்த்தலில் குதிரை எச்5-க்கு வந்து எஃப்6 சிப்பாயையும் ஜி7 மந்திரியையும் சேர்த்துத் தாக்கியபோது, 19-ஆம் நகர்த்தலுக்குப் பிறகு அசையவே அசையாத கறுப்பு யானைகள் ஏ8-இலும் சி8-இலும் நின்றிருந்தன.