உதடு மரத்தாச்சு, பல் மட்டும் ஏன் துடிக்கிறது?

போன மாம்பழ சீசனில் என் கீழ்க் கடவாய்ப் பல் ராத்திரி முழுக்க விண்விண் என்று தெறித்தது. லவங்கத்தை அடக்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் கிருஷ்ணகிரியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். ரூட் கெனால் என்றார். ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "உதடு மரத்துப்போச்சுங்களா?" "போச்சுங்க, கட்டை மாதிரி இருக்குது." சரி என்று டிரில்லை வைத்தார் பாருங்கள், நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்துவிட்டேன்.

கூட வந்தவர்கள் பயத்தில் கத்துகிறான் என்றார்கள். பயமும் உண்டுதான், ஆனால் பெரும்பங்கு வேதியியலுடையது.

மரத்துப்போக வழக்கமாகப் போடும் மருந்து 2 சதவீத லிக்னோகெய்ன், சீக்கிரம் ரத்தத்தோடு போய்விடாமல் இருக்க ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் இத்தனூண்டு கலந்தது. 1943-இல் ஸ்வீடனில் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. சோடியம் அயனிகள் நரம்பின் சவ்விலுள்ள வாசல் வழியாக உள்ளே பாய்ந்தால்தான் வலிச் சேதி நகரும். மருந்து அந்த வாசலை உள்பக்கமிருந்து அடைக்கிறது. உள்ளே போக நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்ட வேண்டும், மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள்தான் அதைச் சுலபமாகத் தாண்டும். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும். உடம்பின் இயல்பான பிஎச் 7.4-இல் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அப்படி இருக்கும். வீங்கிய இடம் அமிலமாகி பிஎச் 6.5-க்கு இறங்கினால் நூற்றுக்கு நாலு தேறினால் பெரிது.

இதை மட்டும் வைத்து என் கதையை விளக்க முடியாது. கீழ்த்தாடை ஊசி பல்லருகே போடப்படுவதே இல்லை, தாடையின் பின்கோடியில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடுகிறார்கள், அங்கே வீக்கம் ஏது? விஷயம் பற்கூழில், பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மெத்தென்ற பகுதியில், இருக்கிறது (மாங்கூழ் ஊர்க்காரர்களுக்கு கூழ் என்ற சொல்லை விளக்க வேண்டாம்). அது அழன்றுபோனால் அதன் நரம்பிழைகளில் வேறு வகைச் சோடியம் வாசல்கள் கூடிவிடுகின்றன, அவை லிக்னோகெய்னுக்கு லேசில் மசியாது. உதடு அடங்கியும் பல் அடங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

அப்படியானால் மருந்தை மாற்றினால் போதுமா? 4 சதவீத ஆர்ட்டிகெய்ன் கொழுப்பில் நன்றாகக் கரைவது, எலும்புக்குள்ளும் கூடுதலாக ஊறுவது, ரத்தத்திலேயே சீக்கிரம் சிதைந்தும் விடும். ஆனால் அதே பின்கோடி இடத்தில் போட்டால் லிக்னோகெய்னைவிடப் பெரிதாகச் சாதிப்பதில்லை. அதன் கெட்டிக்காரத்தனம் தெரிவது, பல்லுக்கு நேராகக் கன்னப்பக்க ஈறில் இரண்டாவது ஊசியாகப் போடும்போதுதான். மேல்தாடை எலும்பு மண்சட்டி மாதிரி கசியும், அங்கே எதைப் போட்டாலும் ஓரளவு வேலை நடக்கும். கீழ்க் கடவாயைச் சுற்றியிருப்பதோ நம்மூர் கிரானைட்! என் டாக்டரும் ஆர்ட்டிகெய்னைத்தான் எடுத்தார். எந்த மருந்து என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பதுதான் பெரிது என்று எனக்குப் பட்டது.

அப்படியும் கூழைத் தொட்டபோது சுருக்கென்றது. நேரே கூழுக்குள்ளேயே ஒரு ஊசி. ஒரு நொடி உயிர் போய் வந்தது, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. அங்கே வேலை செய்வது பெரும்பாலும் அழுத்தம்தான், உப்புநீரை அழுத்திச் செலுத்தினாலும் மரக்கும்.

வேறு மரப்பு மருந்துகளும் உண்டு. மெப்பிவகெய்ன் 3 சதவீதம், அட்ரினலின் ஆகாதவர்களுக்கு, சீக்கிரம் தெளிந்துவிடும். புப்பிவகெய்ன் மெதுவாகப் பிடித்துப் பல மணி நேரம் நிற்கும்.

லிக்னோகெய்னில் பல்லின் மரப்பு ஒரு மணி நேரம்தான், உதட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். இது தெரியாமல் வீட்டுக்கு வந்ததும், களிதானே, மெல்லவா போகிறோம் என்று சுடச்சுட உருட்டி விழுங்கினேன். சாயந்திரம் உதட்டில் இரண்டு கொப்புளம்.