புது பிராசஸர் வந்திருக்கிறதாம், லேப்டாப்பை மாற்றிவிடலாமா?

புது பிராசஸர் அறிமுகமாகும் வாரங்களில் என் சர்வீஸ் மேசைக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "அண்ணா, இதை வித்துட்டு புதுசு வாங்கிடட்டுமா?" கேட்பவர் நேற்று வரை தன் லேப்டாப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார். இரவு ஒரு வீடியோ பார்த்திருப்பார். அதில் வேகத்தை ஒப்பிட்டு, புதியதற்கு நீளமான பட்டையும் பழையதற்குக் குட்டையான பட்டையும் போட்டுக் காட்டியிருப்பார்கள். விடிந்ததும் அவருடைய லேப்டாப் மெதுவாகிவிடும்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, "நீங்க தினமும் செய்யற வேலையை இப்போ செய்யுங்க" என்பேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வந்துவிடும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

சமீபத்தில் வந்தவர் கணக்கு எழுதுபவர். லேப்டாப்பில் இன்டெல் ஐ5-8250யூ பிராசஸர். பெரிய எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தார், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் சிபியு, அதாவது பிராசஸர், 14 சதவீதம். மெமரி, அதாவது ரேம், 4 ஜிபியும் நிரம்பி வழிகிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. "சார், நீங்க மாத்தணும்னு சொல்ற ஆள் கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறார், பாருங்க" என்றேன்.

நடந்தது இதுதான். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். ஊசி இடம் மாறி, தட்டு சுற்றி வந்து, ஒரு துண்டுத் தகவலை எடுப்பதற்கே பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு நூறு துண்டு எடுத்தாலே பெரிது. சுற்றும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும். ஒரு எஸ்எஸ்டி, கூடவே 8 ஜிபி ரேம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதே பிராசஸரில் அதே கோப்பு, திறந்த கையோடு வந்து நின்றது.

இதனால் புது பிராசஸர் எல்லாமே விளம்பரம்தான் என்று சொல்லவரவில்லை. அந்த 8250யூ-வே நல்ல உதாரணம். அதற்கு முந்தைய ஐ5-7200யூ-வில் 2 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் 2 மூளைகள்தான். 2017-இல் வந்த 8250யூ, அதே 15 வாட் மின் வரம்புக்குள் 4 கோர் கொடுத்தது. 2020-இல் ஆப்பிளின் எம்1 வந்தபோது, ஃபேனே இல்லாத மெல்லிய லேப்டாப் நாள் முழுக்க பேட்டரியில் ஓடியது. இப்படிப்பட்ட தாவல்கள் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒன்று நடப்பதில்லை, பெயர் மட்டும்தான் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது.

பலர் ஏமாறுவது இந்தப் பெயரில்தான். இன்டெல் பத்தாம் தலைமுறை என்று ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்கள் விற்பனைக்கு வந்தன. ஐ5-1035ஜி1 புதிய 10 நானோமீட்டர் வடிவமைப்பு (இது சிப் தயாரிப்பு முறையின் பெயர், எண் குறைந்தால் புதியது). ஐ5-10210யூ பழைய 14 நானோமீட்டர், 2015-இல் வந்த ஸ்கைலேக் என்ற வடிவமைப்பின் வாரிசு. ஸ்டிக்கரில் இரண்டுமே பத்தாம் தலைமுறை. பிறகு 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு 'கோர் 5 120யூ' என்று வந்தது. உள்ளே பார்த்தால் ஐ5-1335யூ-வில் இருந்த அதே 2 பெரிய கோர், 8 சிறிய கோர். வேகம் மட்டும் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள்.

இன்டெலின் போட்டியாளர் ஏஎம்டி-யும் சளைத்ததில்லை. ரைசன் 5 7520யூ என்று பார்த்தால் 7000 வரிசை, புத்தம் புதியது என்றுதான் தோன்றும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520-இல் அது 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற வடிவமைப்பு. 7530 என்றால் ஜென் 3, 7540 என்றால் ஜென் 4. மூன்றும் 'ரைசன் 5' தான்! மின் கட்டணத்தைக்கூட நாம் இவ்வளவு கூர்ந்து படிப்பதில்லை, என்ன செய்ய.

அப்புறம் சூடு. ஒரு கல்லூரி மாணவர், எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக்கும் ரெண்டர் வேலையைப் போட்டால் முதல் இரண்டு நிமிடம் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது என்றார். டாஸ்க் மேனேஜரில் 3.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கிய வேகம் கண்ணெதிரே 1.2-க்கு இறங்கியது. அடித்தட்டைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி சின்ன மெத்தை மாதிரி அடைந்து கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாததால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்ததும் வேகம் இறங்கவில்லை.

புதியது வாங்குவோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஒரே பிராசஸரை ஒரு கம்பெனி தடிமனான லேப்டாப்பில் 28 வாட் வரை ஓடவிடும், இன்னொன்று மெல்லிய உடம்புக்காக 15 வாட்டில் கட்டிப்போடும். பெயர் ஒன்று, வேகம் வேறு. நீங்கள் வாங்கப்போகும் மாடலையே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டும் சோதனையைத் தேடிப் பாருங்கள். பிராசஸர் பெயரை மட்டும் போட்டுத் தேடிக் கிடைக்கும் பட்டைகளை நம்பாதீர்கள்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் இனி வராது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது (மேலே சொன்ன 8250யூ அந்த ரகம்) வேண்டும், ஓரிரு விதிவிலக்குகள் உண்டு. ஏழாம் தலைமுறையை வைத்துக்கொண்டு வங்கி வேலை பார்ப்பவருக்கு நான் யோசிக்காமல் மாற்றச் சொல்வேன். இன்னொரு காரணம், ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்பப்படும் வீடியோ. அதைச் சிப்பே பிரித்துக் காட்டும் வசதி இன்டெலில் 2020-இல் பதினோராம் தலைமுறையோடுதான் வந்தது. பழையதில் அந்த வேலை சிபியு தலையில் விழுவதால் படம் பார்க்கும்போதே ஃபேன் அலறும். ஏஐ சிப் வேண்டுமா என்பார்கள். அதைப் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் பெயரை உங்களால் சொல்ல முடிந்தால் வேண்டும்.

அறிமுக வாரத்தில் வாங்குவதில் எனக்கே சூடு பட்டிருக்கிறது. ஆசைப்பட்டு முதல் ஆளாக வாங்கிய லேப்டாப், மூடிவைத்தால் தூங்காது. பைக்குள்ளேயே கொதித்து பேட்டரியைக் காலி செய்துவிடும். சரியான பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வர நான்கு மாதம் ஆனது. சர்வீஸ் செய்கிறவனே இன்னொரு சர்வீஸ் சென்டர் வரிசையில் நின்றேன்.

போன மாதம் வீடியோ எடிட் செய்யும் ஒரு பெண் வந்தார். எஸ்எஸ்டி இருக்கிறது, 16 ஜிபி ரேமில் பாதி காலி, ஃபேன் சுத்தம். எக்ஸ்போர்ட் கொடுத்ததும் சிபியு 100-க்கு ஏறி, முடியும்வரை அங்கேயே நின்றது. "மாத்திடுங்க மேடம்" என்றேன். "அந்தப் புதுசு தானே?" என்றார். இல்லை, அதற்கு முந்தையதை வாங்கச் சொன்னேன். புதியது வந்ததும் விலை இறங்குவது அதற்குத்தான். மிச்சமாகும் பணத்தில் ரேமை 32 ஜிபியாக எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் அந்த மாடலில் ரேம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்தது. பிறகு என்னிடம் கொண்டுவந்தாலும் கூட்டித் தர முடியாது.