அலசாம வண்டி கழுவுறது நல்ல முறைதான், ஆனா காஞ்ச சேத்து மேல துணி வெக்காதீங்க

நான் வண்டி டீடெய்லிங், அதாவது வண்டியை நுணுக்கமா சுத்தம் பண்ணி பாலிஷ் போடுற வேலை பாக்குறவன். ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது லிக்விட் கலந்த தண்ணியால துடைச்சிட்டு கடைசில அலசாம விடுற முறை, அதை பண்ணா பெயிண்ட் கீறிடுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, லிக்விட் கீறாது, நாம துடைக்கிற விதம்தான் கீறும், அதை கொஞ்சம் விளக்கமா சொல்லிடுறேன்.

சமீபத்துல ஒரு கருப்பு கார் வந்துச்சு. தூரத்துல பாத்தா பளபளன்னு இருக்கு, பானெட் மேல டார்ச் அடிச்சதும் வெளிச்சத்தை சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு. ஓனர் பாசமா தினமும் காலைல துணி எடுத்து புழுதியை துடைச்சிருக்காரு, அதுவும் வெறும் துணி. பெயிண்டுக்கு மேல இருக்குற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தாங்க, நாம பிரிண்ட் எடுக்குற ஒரு பேப்பரோட தடிமன்ல பாதி. மணல் அதை விட ரொம்ப கடினமானது, அப்போ துணிக்கு அடியில ஒரு மணல் மாட்டுனா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க.

ரின்ஸ்லெஸ் லிக்விட்ல இருக்குற பாலிமர் அந்த மண்ணை சுத்தி ஒட்டிக்கிட்டு வழவழப்பு குடுக்குது, அதனால மண்ணு உரசாம துணிக்குள்ள ஏறிடும், கடைசில தண்ணி ஊத்தி அலசவும் வேணாம். ஷாம்பு அப்படி இல்ல, அலசலன்னா காஞ்சு படிஞ்சிடும், நுரை வரலயேன்னு இதுல ஷாம்புவை கலந்துடாதீங்க. ஆப்டிமம் நோ ரின்ஸ் மாதிரி லிக்விட்டுக்கு 256 பங்கு தண்ணிக்கு 1 பங்கு, அதாவது ஏழரை லிட்டருக்கு சுமார் 30 மில்லி, மொத்த காருக்கும் ஒரு பக்கெட் போதும். மத்த கம்பெனி லிக்விட்டுக்கு அளவு மாறும், பாட்டில் பாத்து கலக்குங்க. அளவை தாண்டி ஊத்துனா சுத்தம் அதிகமாகாது, திட்டு திட்டா தெரியும், அவ்ளோதான்.

இப்போ முக்கியமான விஷயம். மெல்லிசா புழுதி, மழைத்தண்ணி கறை, இதுக்கெல்லாம் தாராளமா பண்ணலாம். மட்கார்டு ஓரத்துலயும் கதவுக்கு கீழயும் சேறு காஞ்சு அப்பி இருக்கா, விரல் நுனியால லேசா தொட்டா நறநறன்னு இருக்கா, அங்க துணி வெச்சா எந்த லிக்விட்டும் பெயிண்டுக்கு பாதுகாப்பு குடுக்காது, முதல்ல பிரஷர் வாஷரோ சாதா ஹோஸ் பைப்போ வெச்சு அடிச்சு தள்ளிட்டு அப்புறம்தான் துணி. "ரின்ஸ்லெஸ்னுதான பேரு, அப்புறம் எதுக்கு தண்ணி"ன்னு கேக்குறாங்க, தண்ணியே இல்லாத இடத்துல சேறு புடிச்ச வண்டியை அன்னிக்கு விட்டுடுறதே மேல், அழுக்கு இன்னொரு நாள் போகும் ஆனா கீறலை பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும், ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட் கொஞ்சம் குறையுது.

நான் பண்றது இப்படி. வண்டி நிழல்ல இருக்கணும், பானெட் சூடு ஆறியிருக்கணும். அதே கலவையை ஸ்பிரேயர்ல ஊத்தி ஒரு பேனல் (ஒரு கதவு, பானெட் மாதிரி ஒரு பகுதி) முழுக்க அடிச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஊற விடுவேன், காய விடக்கூடாது. நனைஞ்ச மைக்ரோஃபைபர் துணியை நாலா மடிச்சா எட்டு பக்கம் கிடைக்கும், மேல இருந்து கீழ ஒரே திசையில அழுத்தாம இழுக்கணும், ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். எட்டும் முடிஞ்ச துணி திரும்ப பக்கெட்டுக்குள்ள போகவே கூடாது, அதான் நிறைய பேர் பண்ற தப்பு, ஒரே ஸ்பாஞ்சை முக்கி முக்கி மொத்த வண்டியும் தேய்ச்சா மண்ணை இடம் மாத்துறோம், வேற ஒண்ணும் இல்ல. ஒரு காருக்கு ஆறேழு துணி வெச்சுக்குவேன். துடைச்ச கையோட காஞ்ச துணியால ஒத்தி எடுத்துடணும், இல்லன்னா உப்புத்தண்ணியா இருந்தா வெள்ளை புள்ளி நிக்கும்.

வீலுக்கு தனி துணி, பிரேக் தூள் இரும்புங்க, அந்த துணி மறந்தும் பாடி பக்கம் வரக்கூடாது. கீழ விழுந்த துணியும் அன்னிக்கு அவ்ளோதான், உதறிட்டு எடுக்காதீங்க. துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாதீங்க, நார்ல படலமா ஒட்டிக்கிட்டு அடுத்த தடவை தண்ணியையும் இழுக்காது, அழுக்கையும் புடிக்காது.