ஃபோல்டர தொறக்குறதும் ஒரு புரோகிராம ஓட்டுறதுதான்

எங்க சுங்கை சிப்புட்ல பக்கத்து வீட்டுப் பையன், அப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுறவரு, இவன் டிப்ளோமா முடிச்சிட்டு ஆறு மாசமா வேலை தேடிக்கிட்டிருந்தான். போன மாசம் ஒரு சனிக்கிழமை கடையில பசியாறிக்கிட்டிருக்கேன், ரொட்டி சானாய் பாதி கூட முடியல, லேப்டாப்ப தூக்கிட்டு வந்து நிக்கிறான். "அண்ணே, ஒரு கம்பெனி கோடிங் டெஸ்ட்டு அனுப்பிருக்கு, பாஸானா வீட்லேர்ந்தே வேலையாம், ஆனா ஃபோல்டர தொறந்ததுலேர்ந்து ஃபேன் விடாம சுத்துது."

கோட் எழுதுற எடிட்டர், விஎஸ் கோட்தான். உள்ள டாட் விஎஸ்கோட்னு ஒரு ஃபோல்டர், அதுல டாஸ்க்ஸ் டாட் ஜேசன், எடிட்டர் ஓட்ட வேண்டிய வேலைய, அதாவது டாஸ்க்க, எழுதி வைக்கிற ஃபைல். பார்த்தா நாலு வரி, சாதாரணமாத்தான் இருந்துச்சு. ஆனா கீழ இருக்குற ஸ்க்ரோல் பார் ரொம்ப குட்டியா இருக்கே, நாலு வரி ஃபைலுக்கு எதுக்குடா இதுன்னு வலது பக்கம் தள்ளிக்கிட்டே போனேன், வெறும் ஸ்பேஸ், ஸ்பேஸ், எல்லாம் தாண்டி கடைசியில நெட்லேர்ந்து எதையோ எறக்கி ஓட்டுற ஒரு கமாண்ட். ரன்ஆன்ங்கிற எடத்துல ஃபோல்டர்ஓப்பன்னு போட்டிருக்கு. அதாவது ஃபோல்டர தொறந்தாலே அது ஓடும். பையன் ஒரு வரி கோட் கூட எழுதல, அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு.

இதுக்குத்தான் 2021 ஜூன் மாசம் வந்த 1.57 வெர்ஷன்லேர்ந்து "இத எழுதுனவங்கள நம்புறியா"ன்னு விஎஸ் கோட் கேக்குது. நம்பலன்னு சொன்னா ரெஸ்ட்ரிக்டட் மோட்ல தொறக்கும், கோட படிக்கலாம், டாஸ்க், டீபக் எதுவும் ஓடாது. இவனுக்கு ஏன் கேக்கலன்னு பார்த்தா, எடிட்டர் வேகமா ஓடணும்னு எவனோ வீடியோல காட்டுன செட்டிங்ஸ அப்படியே காப்பி அடிச்சு ஒட்டியிருக்கான், அதுல வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் ஃபால்ஸ், அதாவது நம்புறியாங்கிற கேள்வியே வேணாம்னு அர்த்தம். என்ன சொல்ல! அடுத்தவன் செட்டிங்ஸ் ஃபைல முழுசா எடுத்து ஒட்டாதீங்க, ஒவ்வொரு வரியா புரிஞ்சு போடுங்க.

அன்னைக்கு முதல்ல வைஃபைய அடைச்சோம், அப்புறம் அவங்க அம்மா ஃபோன்லேர்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தி, பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள விடுற கிட்ஹப் டோக்கன், எஸ்எஸ்எச் கீ எல்லாத்தையும் ரத்து பண்ணி, லேப்டாப்ப ஃபார்மட் அடிச்சோம். பிரௌசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டெல்லாம் போயிருச்சுன்னே வச்சுக்கணும். பேங்க்லேர்ந்து காசு போயிருந்தா தாமதிக்காம மலேசியாவோட மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிக்கணும், நல்லவேளை அது வரைக்கும் போகல.

நீங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. டிரஸ்ட் செட்டிங் ட்ரூல இருக்கணும், டாஸ்க்க தானா ஓட விடுற டாஸ்க் டாட் அலவ்ஆட்டோமேட்டிக்டாஸ்க்ஸ் ஆஃப்ல இருக்கணும், வரிய மடிச்சுக் காட்டுற வேர்ட் ராப் ஆன்ல இருந்தா நீள வரி ஒளியாது, ஆல்ட் இசட் அமுத்துனா போதும். ரெஸ்ட்ரிக்டட் மோட் இருக்குன்னு நம்பிக்கிட்டு டெர்மினல்ல நீங்களே ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ எறக்குற என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சா அது காப்பாத்தாது, பேக்கேஜுக்குள்ள இருக்குற, எறங்குனதும் தானா ஓடுற போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஓடிரும், இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ் சேர்த்து அடிங்க. எக்ஸ்டென்ஷனும் அதே கதைதான், எடிட்டருக்கு என்ன உரிமையோ அதுக்கும் அதே உரிமை, உங்க ஃபைல் எல்லாத்தையும் படிக்கும். எக்ஸ்டென்ஷன் போட்டவங்க பேருக்குப் பக்கத்துல நீலக் குறி இருந்தா அந்த வெப்சைட் டொமைன் அவங்களோடதுன்னு அர்த்தம், கோட் நல்லதுன்னு அர்த்தம் இல்ல.

விம்ங்கிற இன்னொரு எடிட்டர் வச்சிருக்கவங்க சிரிக்க வேணாம், 2019ல மோட்லைன், அதாவது ஃபைலுக்குள்ளயே எடிட்டர் செட்டிங் எழுதுற வரி, அது வழியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல தொறந்தாலே கமாண்ட் ஓடுற ஓட்டை அதுலயும் வந்துச்சு. நான் அத அடைக்கிற நோமோட்லைன் போட்டு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. டிரஸ்ட் கேக்குற பொட்டியில, மேல இருக்குற ஃபோல்டரையும் சேர்த்து நம்புன்னு ஒரு சின்ன கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டுறாதீங்க. போன வாரம் ரெண்டு பசங்க மெஷின பார்த்தேன், ஒருத்தனோட நம்புற ஃபோல்டர் லிஸ்ட்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரே இருக்கு.