கம்பைலருக்கே தெரியாத வரிகள்

ஜிசிசி என்பது நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் ஒரு கம்பைலர். அதன் மூலநிரலில், 2015-க்கு முந்தைய பதிப்பு ஒன்றை எடுத்து, நிரலைச் செம்மைப்படுத்தும் கோப்புகளைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். 'இந்த இயந்திரத்தில் சிசி0 இருந்தால்' என்று தொடங்கும் சிறு துண்டுகள் அங்கங்கே செருகப்பட்டிருக்கும். உங்கள் மடிக்கணினிக்கான ஜிசிசியை உருவாக்கும்போது அந்தத் துண்டுகள் ஒன்றுகூட அதில் சேர்வதில்லை. ஆனாலும் அவை பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தன. அவை ஏன் வந்தன, எப்படிப் போயின என்பது கம்பைலர் வேலை செய்யும் விதத்தையே கொஞ்சம் திறந்து காட்டுகிறது.

சிசி0 என்றால் என்ன? 'முதல் எண் சிறியதாக இருந்தால் அந்த வரிக்குத் தாவு' என்று நாம் எழுதுவதைப் பல செயலிகள் இரண்டு கட்டளைகளாகச் செய்கின்றன. முதல் கட்டளை ஓர் எண்ணிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. விடையைத் தூக்கி எறிந்துவிட்டு, அது பூச்சியமா, எதிர்மறையா, கடன் வாங்க நேர்ந்ததா என்பதை மட்டும் சில பிட்டுகளில் குறித்து வைக்கிறது. இவற்றுக்கு ஃபிளாக் என்று பெயர். இரண்டாவது கட்டளை அந்தக் குறிப்பைப் படித்துத் தாவுகிறது, அல்லது தாவாமல் விடுகிறது.

வகுப்பு முழுவதற்கும் ஒரே சிலேட்டு என்றால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே சிக்கல். மோட்டோரோலா 68000 வகைச் செயலிகளில், ஒரு மதிப்பைத் தரவு ரெஜிஸ்டருக்கு (செயலிக்குள்ளேயே எண்ணை வைக்கும் சிறு இடம்) நகர்த்தினாலே ஃபிளாக்குகள் மாறிவிடும். ஒப்பிடுவதற்கும் தாவுவதற்கும் நடுவே வேறொரு கட்டளை புகுந்தால், எழுதியது அழிந்து, தவறான இடத்துக்குத் தாவல் நடக்கும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் ஜிசிசியை வெளியிட்டபோது அது முதலில் குறிவைத்தவை வாக்ஸ் கணினிகளும், 68020 செயலி கொண்ட சன் கணினிகளும். இரண்டிலும் ஃபிளாக்குகள் இப்படித்தான் ஓயாமல் அழிந்தன. அதனால் ஜிசிசி நிரலைத் தனக்குள் குறித்துக்கொள்ளும் உள்மொழியில் ஃபிளாக்குகளுக்குச் சிசி0 என்ற தனிப் பெயர் தரப்பட்டது. விதி ஒன்றுதான்: சிசி0-வை எழுதும் கட்டளையும் படிக்கும் கட்டளையும் ஒட்டியே இருக்க வேண்டும். எந்தக் கட்டளை எதை அழிக்கிறது என்று கணக்கு வைக்கவே தேவையில்லை. அந்தக் காலத்துக்கு அது மட்டமான யோசனை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த விதியைக் காக்கும் பொறுப்பு கம்பைலரின் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் விழுந்தது. கட்டளைகளை இடம் மாற்றும் கட்டமா? ஜோடியைச் சேர்த்தே நகர்த்து. புதுக் கட்டளை செருகும் கட்டமா? முந்தைய கட்டளை சிசி0-வை எழுதுகிறதா என்று பார்த்து, எழுதினால் அதற்கும் முன்னால் போய்ச் செருகு. பின்னால் வந்த இயந்திரங்கள் பலவற்றுக்குச் சிசி0 தேவைப்படவில்லை. மிப்ஸ் செயலியில் இத்தகைய ஃபிளாக்குகளே இல்லை. எனவே இந்தச் சிறப்புக் கவனிப்புகள் எல்லாம் 'இஃப்டெஃப்' வேலிக்குள் வைக்கப்பட்டன.

சி மொழியில் இஃப்டெஃப் என்பது கம்பைலருக்கான கட்டளை அல்ல, அதற்கு முன்னால் ஓடும் ப்ரீபிராசஸருக்கானது. பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் அடுத்து வரும் வரிகள் உள்ளே போகும், இல்லையென்றால் வெட்டப்படும். வெட்டப்பட்ட வரிகளில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தாலும், இல்லாத செயற்கூறு அழைக்கப்பட்டிருந்தாலும் புகார் எழாது. இண்டெல் கணினியில் அமர்ந்து ஒரு செயற்கூறுக்குப் புதிய உள்ளீடு ஒன்றைச் சேர்ப்பவர், தன் இயந்திரத்தில் எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வாக்ஸுக்கான ஜிசிசி உடைந்துவிட்டது என்பது, அதை அடுத்த முறை யாரேனும் உருவாக்கும்போதுதான் தெரியவரும். இத்தகைய விசைகள் பத்து இருந்தால் 1,024 விதமான கம்பைலர்கள் ஒரே கோப்புகளுக்குள் ஒளிந்திருப்பதாகப் பொருள். அத்தனையையும் சோதிக்கப் பொறுமை யாருக்கு உண்டு?

2015-இல் தொடங்கிய துப்புரவு, எதையும் நீக்குவதில் தொடங்கவில்லை. மறைந்திருந்ததைக் கம்பைலரின் பார்வைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை. அதுவரை சிசி0 உள்ள இயந்திரத்துக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட பெயர், இனி எல்லா இயந்திரங்களுக்கும் 1 அல்லது 0 என்று வரையறுக்கப்பட்டது. இதில் ஒரு கண்ணி உண்டு. இஃப்டெஃப் கேட்பது 'பெயர் இருக்கிறதா' என்று மட்டுமே. மதிப்பு 0 ஆனாலும் பெயர் இருக்கிறது, ஆகவே பதில் 'ஆம்'. ஒரே ஒரு இஃப்டெஃப் மாற்றப்படாமல் தங்கிவிட்டாலும் அது எல்லா இயந்திரங்களிலும் உயிர்பெற்றுவிடும். ஆதலால் முதலில் எல்லாவற்றையும் மதிப்பைக் கேட்கும் வடிவுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக சி மொழியின் சாதாரண 'இஃப்' ஆக்கினார்கள்.

சாதாரண இஃப் என்றால் வேகம் குறையாதா? குறையாது. நிபந்தனை 0 என்பது முன்கூட்டியே தெரிவதால், அந்தக் கிளை ஒருபோதும் ஓடாது என்று கம்பைலரே கண்டு நீக்கிவிடும். நீக்குவதற்கு முன் இலக்கணத்தையும் வகைகளையும் சரிபார்த்திருக்கும் என்பதுதான் கிடைத்த லாபம். இதற்கு ஒரு கூலியும் உண்டு: கிளைக்குள் வரும் பெயர்கள் எல்லா இயந்திரங்களிலும் இருந்தாக வேண்டும். அதனால் சில பெயர்களுக்கு வெறும் இயல்பு மதிப்புகளை எழுதி வைக்க நேர்ந்தது.

மிச்சமிருந்தது கடினமான வேலை: சிசி0-வை நம்பியிருந்த இயந்திரங்களுக்கான ஜிசிசி பகுதிகளையே மாற்றுவது. புதிய முறையில் ஃபிளாக் என்பது மற்றொரு ரெஜிஸ்டர், அவ்வளவே. எந்தக் கட்டளை அதை அழிக்கிறதோ அது அப்படியே அறிவித்துவிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் ரெஜிஸ்டர்களை ஒதுக்கும் கட்டம் இடையிடையே நகர்த்தல், கூட்டல் கட்டளைகளைச் செருகும். அவை ஃபிளாக்கை அழிக்கும் இயந்திரங்களில் என்ன செய்வது? ஏவிஆர் போன்றவற்றில், ஒப்பிடுவதையும் தாவுவதையும் ஒரே கட்டளைபோலக் கட்டி வைத்து, ரெஜிஸ்டர் ஒதுக்கீடு முடிந்த பிறகே பிரித்தார்கள். அர்டுவினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் மூன்றாம் பதிப்பு வரை இருப்பது ஏவிஆர் செயலிதான் என்பதால், இது அருங்காட்சியகச் சங்கதி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. மாறாத இயந்திரங்கள் ஜிசிசியிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கையும் வந்தது. 68000 குடும்பம் 2019-இல் மாறியது. இந்தச் செயலிகள் கொண்ட பழைய அமிகா, அடாரி கணினிகளை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆர்வலர்கள் இதற்குப் பரிசுத் தொகைகூடத் திரட்டியிருந்தார்கள். வாக்ஸும் பிறவும் பின்தொடர்ந்தன. 2021 மே மாதம் சிசி0 மூலநிரலிலிருந்து அகற்றப்பட்டது, 2022-இல் வெளிவந்த ஜிசிசி 12-இல் அது இல்லை.

நீக்கிய பெயர் மறுபடி முளைப்பதைத் தடுக்க ஜிசிசியிடம் ஒரு வேடிக்கையான கருவி உண்டு: ஒரு பெயரை 'நஞ்சூட்டப்பட்டது' என்று அறிவிக்கலாம். அதன்பிறகு அதை யாராவது எழுதினால் கம்பைலர் பிழை சொல்லி நின்றுவிடும். ஜிசிசியின் சொந்தத் தலைப்புக் கோப்பு ஒன்றில், இப்படி ஓய்வு பெற்ற பெயர்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது.