மடிப்போர்வை தைக்கும் முன் சக்கர நாற்காலியை அளந்து பாருங்கள்

ஒன்ராறியோ மாகாணத்தின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வெப்பநிலை 22 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறைக்கு அறை நடக்கும் என்னைப் போன்ற தாதிக்கு அந்த 22 பாகையே வியர்த்துக் கொட்டப் போதும். ஆனால், காலை உணவுக்காகச் சக்கர நாற்காலியில் இருத்தப்பட்டு மதியம்வரை அதே இருப்பில் இருக்கும் எண்பத்தைந்து வயது அம்மா ஒருவரின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தால், அது குளிர்ந்து போயிருக்கும். உடலில் சூட்டை உண்டாக்குவதில் அசையும் தசைக்குப் பெரும் பங்குண்டு; முதுமையில் அந்தத் தசையும் குறைகிறது, அசைவும் குறைகிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெலிகிறது, குளிர் படும்போது இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனும் தளர்கிறது. இவற்றோடு இரத்தச்சோகையோ தைரொயிட் குறைபாடோ சேர்ந்துவிட்டால், கோடையிலும் அவர்கள் "பிள்ளை, குளிருது" என்றுதான் சொல்வார்கள்.

சூடேற்றும் பைகளை நாங்கள் மடியில் வைப்பதில்லை. நீரிழிவினால் நரம்பு மரத்துப்போன காலில் சூடு சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. தோல் கொப்புளித்த பிறகுதான் நாங்கள் காண்போம். கட்டில் போர்வையை எடுத்து மூடினால் அது பாரமாகவும் நீளமாகவும் இருந்து நிலத்தில் இழுபடும். ஆகவேதான் இடுப்பிலிருந்து பாதம்வரை மட்டும் மூடும் மடிப்போர்வை, அதாவது மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி என மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் சிறிய குயில்ட், எங்கள் இல்லங்களில் அவ்வளவு பயன்படுகிறது. கனடாவில் இந்தத் தையலுக்கு நீண்ட மரபு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது இந்நாட்டுப் பெண்கள் தைத்த குயில்ட்டுகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரித்தானியாவுக்குக் கப்பலில் போயின. இன்றும் தேவாலய மண்டபங்களிலும் சமூக நிலையங்களிலும் கூடித் தைப்பவர்கள் எங்களுக்குப் போர்வைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். நம்மவர்களும் இதில் இறங்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முன் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், அன்போடு தைக்கப்பட்ட பல போர்வைகள் எங்கள் அலுமாரியில் மடித்தபடியே கிடக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் இல்லத்துக்கு, ஓரமெல்லாம் குஞ்சம் வைத்த அழகான போர்வை ஒன்று வந்தது. அதை ஓர் ஐயாவின் மடியில் விரித்துச் சாப்பாட்டறைக்குத் தள்ளிச் சென்றபோது, தொங்கிய குஞ்சம் முன்பக்கச் சிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நாற்காலி சட்டென்று நின்றது. ஐயா முன்னால் சரிந்தார். தோளை எட்டிப் பிடித்ததால் அவர் விழவில்லை. பிறகு கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுக்கும்வரை நடைகூடத்திலேயே இருந்தார், பாவம், பயத்தில் கைகள் நடுங்கியபடி. தைத்தவர் மீது எந்தப் பிழையும் சொல்ல மாட்டேன். அது விரிக்கப்படப்போகும் நாற்காலியை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வழக்கமான சக்கர நாற்காலியின் இருக்கை ஏறத்தாழ 18 அங்குல அகலம் கொண்டது. போர்வை 36 அங்குல அகலம் இருந்தால், தொடையின் இரு பக்கமும் கைதாங்கிக்கு உள்ளே செருகிவிடப் போதுமான துணி கிடைக்கும். வெளியே சக்கரத்தின் மேல் வழியாது. நீளத்துக்கு 45 அங்குலம் போதும், குள்ளமானவர்களுக்கு அதுவும் அதிகம். ஒன்பதரை அங்குலச் சதுரங்களாக 20 துண்டு வெட்டி, கால் அங்குலத் தையல் விட்டு, நான்கு நான்காக ஐந்து வரிசை இணைத்தால் சரியாக 36க்கு 45 வரும். ஒரு வரிசையைக் குறைத்தால் 36க்கு 36 ஆகிவிடும். ஒடுங்கிப்போன சிறிய உடல்வாகு கொண்ட அம்மாமாருக்கு அந்த அளவே பொருந்துகிறது. கடையில் விற்கும் குயில்ட் பருத்தித் துணி பொதுவாக 42 முதல் 44 அங்குல அகலத்தில் வருவதால், ஒன்றரை யார் வாங்கினால் கீழ்த்துணியை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாகவே வெட்டிக்கொள்ளலாம். அது பஞ்சுபோன்ற மேற்பரப்புள்ள ஃபிளனல் துணியாக இருந்தால் உடையோடு ஒட்டிக்கொண்டு நழுவாமல் நிற்கும். நழுவுகிறது என்பதற்காக நாடா தைத்துக் கதிரையோடு கட்டும் ஏற்பாட்டை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். எழும்ப முயலும் ஒருவரை எழும்பவிடாமல் தடுக்கும் எதுவும் உடற்கட்டுப்பாடாகிவிடும். அதற்கெனக் கடுமையான சட்ட நடைமுறைகள் இருக்கின்றன. போர்வையை மடித்து, இருப்பவருக்கு அடியில் இருக்கையின் மேல் வைப்பதும் கூடாது. அழுத்தப்புண் வராமல் காக்கும் மெத்தையின் வேலையை அந்த மடிப்பு கெடுத்துவிடும்.

அளவுக்கு அடுத்தது சலவை. வீட்டில் தனியாகத் துவைப்பதுபோல் எங்கள் சலவையறையில் எதையும் துவைக்க முடியாது. சிறுநீரும் உணவும் மருந்தும் படும் துணி அது. சுடுநீரில் துவைப்பதாயின் குறைந்தது 71 பாகை வெப்பத்தில் 25 நிமிடம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வழிகாட்டல். அதன்பிறகு பெரிய உலர்த்தி இயந்திரம். கம்பளி அதில் சுருங்கிக் கட்டியாகும். நூலால் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு மட்டும் இணைத்த குயில்ட்டில் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரளும். பட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒரு மகளின் முகம் நினைவுக்கு வருகிறது. தாயாரின் கூறைச் சேலையிலிருந்து துண்டுகள் வெட்டி, இரவிரவாக இருந்து தைத்து, அதைத் தாயின் மடியில் விரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அது சலவைக்குப் போய்த் திரும்பியபோது பட்டு சுருங்கி, சரிகை பிரிந்து, கம்பிபோல நீட்டிக்கொண்டு நின்றது. தாளைப்போல மெலிந்த அந்த அம்மாவின் முழங்கைத் தோலில் அது கீறியும் இருந்தது. முதியவர்களின் தோல் சிறு உராய்வுக்கும் கிழியக்கூடியது. இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கண்டலும் உடனே விழும். பட்டுச் சேலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டலாம். மடிக்கு ஏற்றது அவர்கள் வீட்டில் உடுத்த பருத்திச் சேலைதான். பிறந்த குழந்தையைப் பழஞ்சீலையில் ஏந்தியவர்கள் நாம்; பலமுறை தோய்ந்த பருத்தியின் மென்மை நமக்குப் புதிதல்ல. அந்த மகள் பின்னர் நூற்சேலையில் இன்னொன்று தைத்துக் கொடுத்தார். தன் அறையின் இலக்கத்தையும் மறந்துவிட்ட அந்த அம்மா, அதன் கரையைப் பெருவிரலால் தடவித் தடவிக் கொய்சகம் எடுப்பதுபோல மடித்துக்கொண்டிருப்பார்.

வெட்டுவதற்கு முன் துணிகளை ஒருமுறை சுடுநீரில் துவைத்துக்கொள்ளுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும், சாயம் போவதும் அப்போதே போகட்டும். உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு வைத்தால் பாரம் குறையும், விரைவில் காயும். பொத்தான், மணி, கண்ணாடித்துண்டு எதுவும் வேண்டாம். முடிந்ததும் ஒரு காந்தத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்ட போர்வையை என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுமையில் கண்வில்லை மஞ்சளடைவதால் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அவர்களுக்கு நன்றாகப் பிடிபடும். மறதிநோய் முற்றியவர்கள் சிறு புள்ளிகளைப் பூச்சியென்றோ சோற்றுப் பருக்கையென்றோ எண்ணி நாள் முழுவதும் கிள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பொடிப்புள்ளித் துணியைத் தவிருங்கள். கரடிக்குட்டிப் படம் போட்ட துணியும் வேண்டாம். அவர்கள் ஆசிரியராக, தபாலதிபராக, கமக்காரராக, குடும்பத் தலைவியாக வாழ்ந்தவர்கள், குழந்தைகள் அல்லர். வரும் போர்வைகளில் பெரும்பாலானவை இளஞ்சிவப்புப் பூக்களாகவே இருப்பதால், ஆண்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நாங்கள் நிற்பதும் உண்டு. கட்டம் போட்ட சட்டைத் துணியில் தைத்தது ஒன்று வந்தால் அதற்குத்தான் முதலில் ஆள் இருக்கும்.

கொடுக்க நினைப்பவர்கள், தைக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த இல்லத்தின் செயற்பாட்டு ஒருங்கிணைப்பாளரை அழைத்து, எத்தனை தேவை, என்ன அளவு, சலவை எப்படி என்று கேட்டுவிடுங்கள். ஒரு தளத்தில் முப்பது பேர் இருக்கையில் பத்தை நேரே பங்கிட்டால் இருபது பேரின் முகம் வாடும்; யாருக்கு என்பதைப் பணியாளர்களிடம் விடுவதே நல்லது. ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்கு அப்படியே மாற்றிக் கொடுக்கத் தொற்றுத்தடுப்பு விதி இடம் தராது. ஆகவே கீழ்த்துணியின் மூலையில், பெயர் ஒட்டுவதற்காக மூன்று விரல் அகல வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள். பெயரில்லாத போர்வை சலவையறையோடு காணாமல் போகும். தன் உடைமைகளைத் தன் அறையில் வைத்திருப்பது ஒன்ராறியோச் சட்டம் இல்லவாசிகளுக்குத் தந்திருக்கும் உரிமை. அந்தப் பெயர்த்துண்டு இருந்தால்தான் அந்த உரிமையை எங்களால் காத்துக்கொடுக்க முடியும். கடைசியாக ஒருமுறை, வாசனை இல்லாத சவர்க்காரத்தில் துவைத்துத் தாருங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள்.

நத்தார் காலத்தில் எல்லோரும் கொண்டுவருவார்கள். பெப்ரவரியில் யாரும் வருவதில்லை. அந்த மாதத்தில்தான் புதிதாகச் சேர்ந்த ஒருவர், மருத்துவமனையிலிருந்து ஒரு பிளாஸ்திக் பையோடு மட்டும் வந்து, சன்னலோரம் இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கென்று இரண்டு போர்வைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பெப்ரவரியில் கொண்டுவாருங்கள்.