மூக்கும் முட்டியும்: எரிமலை ஏறப் புறப்படும் முன்

புக்கிட் தீமா குன்றின் உச்சி 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் அதைவிட உயரமான குன்று கிடையாது. விடுமுறை வந்தால் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்குப் பறந்து 3,726 மீட்டர் ரிஞ்சானி எரிமலையில் ஏறக் கிளம்பும் நம்மவர்கள் பலருக்கு மலைப் பழக்கம் அவ்வளவுதான். இதில் தப்பில்லை, பயிற்சியால் ஈடுகட்டலாம். ஆனால் மலையேற்ற முதலுதவி வகுப்புகளில் எங்களைத் துளைக்கும் கேள்வி ஒன்றேதான்: "எத்தனை மணி நேரம் ஏறணும்?" சிக்கல் வருவதோ மூக்கிலும் முட்டியிலும்.

முதலில் மூக்கு. கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலையில் நள்ளிரவு தாண்டி நடக்கத் தொடங்கி, பால்துடிங் முகாமிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் ஏறி, எரிமலை வாய்க்குள் நீல நெருப்பைப் பார்க்க இறங்குகிறார்கள். அது எரிமலைக் குழம்பு அல்ல. பிளவுகளிலிருந்து சீறி வரும் கந்தக வாயு காற்றில் பட்டு எரிகிறது, இருட்டில்தான் தெரியும். பக்கத்தில் உள்ள பச்சை ஏரியில் இருப்பது கார் பேட்டரித் திராவகத்துக்கு நிகரான அமிலம். இங்கே இரண்டு வாயுக்கள் கவனிக்க வேண்டியவை. கந்தக டை ஆக்சைடு தொண்டையை எரிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மிகக் குறைந்த அளவிலேயே மூச்சுக்குழாய் இறுகும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மோப்பத்தையே மரக்கடித்துவிடும். "நாற்றம் போயிடுச்சு, சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அப்போதுதான் பயப்பட வேண்டும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். நாம் இறங்குவதும் பள்ளத்துக்குள்தான்.

வீட்டில் மீந்துபோன என்95 முகக்கவசத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அது தூசியை, எரிமலைச் சாம்பலை வடிக்கும். வாயுவை வடிக்காது. தேவை, பக்கவாட்டில் வடிகட்டிக் குப்பி பொருத்திய பாதிமுகக் கவசம். ஐரோப்பியக் குறியீட்டில் மஞ்சள் பட்டை கந்தக டை ஆக்சைடுக்கு, சாம்பல் பட்டை ஹைட்ரஜன் சல்பைடுக்கு. இரண்டும் சேர்ந்த குப்பியாக வாங்குங்கள். அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அந்தக் குப்பி எப்போது திறக்கப்பட்டது, எத்தனை பேர் மாட்டியது என்று யாருக்குத் தெரியும்? உறை பிரித்த குப்பி பயன்படுத்தாமலே வீரியம் இழக்கும்.

மாட்டியதும் குப்பிகளை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு ஒட்டி உள்ளே குழிய வேண்டும். குழியவில்லை என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் குற்றவாளி தாடிதான், மூன்று நாள் முளை இருந்தாலே விளிம்பு பதியாது. படத்துக்கு அழகாக இருக்கும் தாடியை முதல் நாள் இரவே மழித்துவிடுங்கள். காற்று திசைமாறிப் புகை உங்கள் பக்கம் வந்தால் குனிந்து உட்காராதீர்கள், புகைக்குக் குறுக்காக விலகி நடங்கள். ஆஸ்துமா இருந்தால் குழு நண்பர்களிடம் மறைக்க வேண்டாம், உள்ளே இறங்காமல் எரிமலை வாயின் விளிம்போடு நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து தெரியும் விடியலே போதும். காண்டாக்ட் லென்ஸை அறையிலேயே கழற்றிவிடலாம். வெள்ளிக் கொலுசும் மோதிரமும்கூட வேண்டாம், கந்தக வாயு பட்டால் கறுத்துப்போகும். விளிம்பில் பின்னால் நகர்ந்து படமெடுப்பதோ கூடவே கூடாது: 2024 ஏப்ரலில் அப்படித்தான் ஒரு சுற்றுப்பயணி விழுந்து இறந்தார்.

எந்த மலையானாலும் புறப்படும் வாரத்தில் மக்மா இந்தோனேசியா என்ற அரசு எரிமலைக் கண்காணிப்புத் தளத்தில் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), சியாகா (ஆயத்தம்), அவாஸ் (ஆபத்து) என்று நான்கு படிகள். மலாய் தெரிந்தவர்களுக்குப் பாதி புரியும். இரண்டாம் படியான வஸ்பாடாவை 'பரவாயில்லை' என்று மொழிபெயர்க்காதீர்கள். மேற்குச் சுமத்ராவின் மராபி எரிமலை அந்தப் படியில் இருந்தபோதுதான் 2023 டிசம்பர் 3இல் வெடித்தது, மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள். படியோடு வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்றும் எழுதியிருப்பார்கள். முகவர் "அதெல்லாம் சும்மா" என்றால் முகவரை மாற்றுங்கள்.

இனி முட்டி. ரிஞ்சானியில் செம்பாலுன் பக்க விளிம்பு முகாம் 2,639 மீட்டர். அதிகாலை இரண்டு மணிக்கு அங்கிருந்து உச்சிக்குக் கிளம்பினால் இன்னும் 1,087 மீட்டர். கடைசிப் பகுதி முழுக்கச் சரளை: இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். பழக்கமில்லாத தசை இரண்டு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும், பிறகு முட்டி மடங்கும்.

வீவக அடுக்குமாடிப் படிக்கட்டில் பயிற்சி செய்யும் பலர் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். பாதி வேலையை, அதுவும் முக்கியமான பாதியை, விட்டுவிடுகிறார்கள். ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர் என்றால் 25 மாடி 70 மீட்டர். விளிம்பிலிருந்து உச்சிக்கு அது 15 தடவைக்கும் மேல். எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் இருமுறை, முதலில் நான்கு சுற்று, ஏறி நடந்தே இறங்குவது. பிறகு வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து முதுகில் ஐந்து கிலோ. இறங்கும்போது ஓசையில்லாமல் பாதம் வைக்கப் பழகினால் முட்டியும் பிழைக்கும், அக்கம்பக்கத்தாரும் தூங்குவார்கள்.

காலணி அலமாரியில் நான்கைந்து வருடமாகத் தூங்கும் மலையேற்றக் காலணியை நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் நடு அடியின் பாலியூரித்தேன் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும், சரளையில் பத்து நிமிடத்தில் அடி தனியே கழன்று வரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மாவுபோல் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். எந்தக் காலணியானாலும் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் ஒரு முழு நாள் நடந்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

குழுவுக்கென்று பெயர் அச்சிட்ட பருத்தி டீ-சட்டை அடிவாரப் படத்துக்கு மட்டும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். உச்சியில் விடியலுக்கு முன் நம் குளிர்பதன அறையே தேவலை என்று தோன்றும். வேர்வையில் ஊறிய பருத்தி அங்கே ஐஸ் துணி. இரவு தங்கும் உயரத்தில் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் உச்சியை மறந்துவிட்டு இறங்குங்கள்.

காலம் பார்ப்பதில்தான் நம் குழுக்கள் அதிகம் சறுக்குகின்றன. தீபாவளியையும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையையும் ஒட்டிப் பயணம் போட்டால் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும். ரிஞ்சானி பாதைகளை வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மூடிவிடுவார்கள். ஜூன் விடுமுறையும் தேசிய தின வாரமும் நல்லவை. திரும்பும் நாளுக்கு மறுநாளே வேலை என்று வைக்காதீர்கள்: 2024 நவம்பரில் ஃபுளோரெஸ் தீவின் லெவொடொபி எரிமலை வெடித்த சாம்பலால் பாலி விமானங்கள் பல ரத்தாயின. அன்றாட மருந்து மூன்று நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும். பயணக் காப்புறுதியில் உயர வரம்பு உண்டா என்றும் பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு சேதி. சுமைதூக்குநர்கள் மலையில் சுடச்சுடச் சமைத்துத் தருவார்கள், காய்கறிதான் என்று சிரித்தபடி தட்டை நீட்டுவார்கள். சம்பல் எனும் மிளகாய்த் துவையலில் தெராசி இருக்கும், அதாவது நம் பெலாச்சான், இறால் விழுது. 'சாயுர்' (காய்கறி) என்று மட்டும் கேட்டால் போதாது, "தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா ஈக்கான்" (தெராசி, இறால், மீன் இல்லாமல்) என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெம்பே (புளித்த சோயாக் கட்டி), தாவு (டோஃபு), வாழைப்பழப் பொரியல் இவை மூன்றும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள், மூடியில் டேப் ஒட்டி.